கல்வராயன் மலை காணச் செல்வோர்க்கு

கோடை விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு மலைப்பகுதிக்குச் சென்று வருவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய பெயர்களைச் சிறு பிள்ளைகளும் அறிவர். அங்கெல்லாம் சென்று வந்தவர்கள், கூட்ட நெரிசலையும் விடுதி வாடகையையும் சொல்லிப் பெருமூச்சு விடுவதையும் நாம் கேட்கிறோம். ஆனால் களமருதூர், உளுந்தூர்ப்பேட்டை, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி எனச் சமவெளியில் வாழும் நமக்கு, நம் வாயிற்படியிலேயே ஒரு மலை உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? கல்வராயன் மலை என்று ஏடுகளிலும், கல்ராயன் மலை என்று மக்கள் நாவிலும் வழங்கும் அம்மலையைப் பற்றியும், அதைக் காணச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

மலையின் அமைப்பு

கிழக்குத் தொடர்ச்சி மலை ஒரே நீண்ட சுவர் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல் இடைவிடாது செல்லாமல், தனித்தனிக் கூட்டங்களாக அது பிரிந்து கிடக்கின்றது. சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உடன்பிறப்பே கல்வராயன் மலை. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இம்மலை, வடக்கே சின்னக் கல்வராயன் என்றும் தெற்கே பெரிய கல்வராயன் என்றும் இரு பகுதிகளாக அழைக்கப்படுகின்றது. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் 4,000 அடி வரை உயரமும் கொண்டவை. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் இம்மலை பரந்து கிடக்கின்றது.

அடிவாரத்தில் முட்செடிகளும் புதர்களும் மண்டிய வறண்ட காடு. 400 மீட்டர் உயரத்தைக் கடந்தால், கோடையில் இலையுதிர்த்து மழையில் தழைக்கும் மரக்காடு. 800 மீட்டருக்கு மேலே, மேட்டு நிலங்களின் மடிப்புகளில் ஆங்காங்கே எப்போதும் பசுமை மாறாத சோலைகள். ஆக, ஒரு நாள் பயணத்திலேயே மூவகைக் காடுகளைக் கண்டுவிடலாம். பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் கற்பிக்கும் தாவர நூல் பாடத்தை இங்கே சாலையோரத்திலேயே கற்பித்துவிடலாம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம் வழியாகச் சென்றால் கோமுகி அணை வரும். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து மேலேறுகின்றது. வழியிலே பெரியார் நீர்வீழ்ச்சி. அதற்கு மேலே படகுக் குளம் அமைந்த கரியாலூர். அப்பால், கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை. சேலம் பக்கத்திலிருந்து வருவோர் ஆத்தூர்ச் சாலையிலிருந்து பிரிந்து, தும்பல் வழியாகக் கருமந்துறையை அடைவர். அங்கே அரசின் தோட்டக்கலைப் பண்ணை பரந்து விரிந்திருக்கின்றது. மேகம், கவியம் ஆகிய அருவிகள் உள்ளடங்கியவை; அவற்றைக் காணக் காட்டுவழியில் நடந்தே செல்ல வேண்டும்.

நம் வயலுக்கு வரும் நீர்

மலையைக் காணச் செல்வோர் அருவியைக் கண்டு வியக்கின்றனர். அந்த நீர் எங்கே போகின்றது என்று கேட்பவர் சிலரே. கோமுகியும் மணிமுத்தாறும் இம்மலையில் பிறப்பவை. கோமுகி அணையும், சூளாங்குறிச்சி அருகிலுள்ள மணிமுத்தா அணையும் இந்நீரைத் தேக்கிக் கள்ளக்குறிச்சிச் சீமையின் நெல்லுக்கும் கரும்புக்கும் வழங்குகின்றன. விருத்தாசலத்தைத் தழுவிச் செல்லும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகின்றது. தென்மேற்கே, ஆனைமடுவு, கரியகோவில் ஆகிய சிற்றாறுகள் ஆத்தூர் வழியோடும் வசிஷ்ட நதிக்கு நீர் கொடுக்கின்றன. அந்நதியும் முடிவில் வெள்ளாற்றுக்கே செல்கின்றது. வடபுறத்து ஓடைகள் தென்பெண்ணையின் பங்கு.

எனவே, மலையிலே ஒரு சோலை அழிந்தால் அது மலையில் வாழ்வோரின் இழப்பு மட்டும் அன்று. மழை நீரை ஈர்த்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவது காட்டு மண்ணே. மரம் போனால் மண் போகும். மண் போனால் மழை நாளில் வெள்ளமும், மற்ற நாளில் வறட்சியும் நம் வயலுக்கு வரும். கீழே உண்பவன் மேலே உள்ளவனுக்குக் கடன்பட்டவன். இந்த ஓர் உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மலையேறினால், நாம் வெறும் வேடிக்கை பார்ப்பவராகச் செல்ல மாட்டோம்.

இரண்டாயிரம் ஆண்டு வழிகாட்டி

மலைக்கு வழிகாட்டும் நூல்கள் இன்று பல வருகின்றன. தமிழர்க்கு இது புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்றது. பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல், பரிசில் பெற்று வரும் கூத்தர் தலைவன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு கூத்தனை நன்னன் என்னும் குறுநில மன்னனிடம் செல்லுமாறு வழிகாட்டுவதாக அமைந்தது. நன்னனின் ஊராகிய செங்கண்மா, இன்றைய செங்கம். அது கல்வராயன் மலைக்கு வடக்கே, நம் அண்டை வீடு போன்றது.

அந்நூல் வழியின் அழகை மட்டுமா சொல்கின்றது? காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழி எது, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எப்படி வரும், பாசி படிந்த வழுக்குப் பாறையில் எவ்வாறு கால் வைக்க வேண்டும் என்றெல்லாம் அக்கறையோடு எச்சரிக்கின்றது. மலைவாழ் மக்களின் சிற்றூருக்குச் சென்றால் அவர்கள் உங்களை உறவினர் போல் வரவேற்றுத் தினைச்சோறு படைப்பர் என்றும் கூறுகின்றது. நடக்கும் கால் கவனமாக இருக்க வேண்டும். நுழையும் ஊரில் உறவு கொண்டாட வேண்டும். மலைப் பயணத்திற்கு இவற்றினும் சிறந்த விதிகள் இன்னும் எழுதப்படவில்லை என்றே சொல்லலாம்.

மலையாளிகள் யார்?

கல்வராயன் மலையின் பெருங்குடிகள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயரைக் கேட்டுச் சிலர் கேரளத்தாரோ என மயங்குவதுண்டு. இவர்கள் பேசுவது தமிழே. மலையை ஆள்பவர் என்பதே பெயரின் பொருள். அரசின் பட்டியலில் பழங்குடியினராக இடம் பெற்றவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்றும், அண்ணன் தம்பிகளாகிய மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்றும், தங்களோடு கரியராமன் என்னும் தெய்வமும் வந்தது என்றும் இவர்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஊர்க் காரியங்களில் ஊர்க்கவுண்டரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. திருமணத்தில் மணமகன் வீட்டாரே பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுப்பது பழைய முறை. வரதட்சிணை என்னும் நோயால் வாடும் சமவெளிக் குடும்பங்கள் இதைச் சற்றே சிந்திக்கலாம். பொங்கலை ஒட்டி எருதாட்டம், ஆடிப் பதினெட்டில் பெருவிழா என ஆண்டு முழுவதும் அவர்கள் வாழ்வு நிலத்தோடும் மழையோடும் பின்னிக் கிடக்கின்றது. கோடையில் அரசு நடத்தும் கோடை விழாவும் உண்டு. எனினும், அவர்களுடைய சொந்தத் திருநாளைக் காண்பதே உண்மையான காட்சி.

இம்மக்களின் வரலாற்றில் வியப்பும் துயரமும் கலந்த ஒரு செய்தி உண்டு. சடய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் எனப் பட்டம் பெற்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் உரிமை அது. ஆங்கிலேயர் வந்தனர், சென்றனர், 1947இல் நாடு விடுதலை அடைந்தது, 1950இல் குடியரசாயிற்று. ஆயினும், கல்வராயன் மலை முழுமையாக அரசின் ஆளுகைக்குள் வந்தது 1976ஆம் ஆண்டில்தான்! சமவெளியில் நம் பாட்டனார் வாக்குச் சாவடிக்குச் சென்று கொண்டிருந்த நாளில், நமக்கு மேலே மலையில் இருந்தவர்கள் ஜாகீர்தாருக்கு வரியும் ஊழியமும் செலுத்திக் கொண்டிருந்தனர். ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கித் தொடங்கிய ஓட்டம் அவர்களுடையது. ‘இன்னும் ஏன் முன்னேறவில்லை?’ என்று எளிதாகக் கேட்டுவிடுவோர் இந்த ஆண்டுக் கணக்கை நினைவிற்கொள்வது நன்று.

உணவும் உழைப்பும்

சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மலையின் பழைய பயிர்கள். சாமை மூன்று மாதப் பயிர். ஆடி மழையை நம்பி விதைத்து, உரமும் பாசனமும் இன்றியே அறுக்கலாம். இன்று நகரத்து மருத்துவர்கள் நீரிழிவு நோயாளருக்குப் பரிந்துரைக்கும் சிறுதானியம் இதுவே. நாம் அங்காடியில் அதிக விலை கொடுத்து வாங்கும் சாமையை அவர்கள் உரலில் குற்றிச் சோறாக்கி உண்டு வந்தனர்.

இப்போது மேட்டு நிலங்களில் மரவள்ளியே மிகுதியாகக் கண்ணில் படுகின்றது. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியாகக் கேரளக் கரைக்கு வந்த கிழங்கு இது. 1940களில் சேலத்தில் சவ்வரிசித் தொழில் தோன்றியபின், சேலம், ஆத்தூர் வட்டாரத்து ஆலைகள் இதை வாங்கத் தொடங்கின. நம் வீட்டுப் பாயசத்தில் மிதக்கும் சவ்வரிசியில் கல்வராயன் மலையாளியின் வியர்வையும் கலந்திருக்கக்கூடும். பணப்பயிர் வந்ததால் கையில் காசு புரண்டது. ஆனால் கிழங்கின் விலையைக் குறிப்பவர் மலையில் இல்லை. விலை வீழ்ந்த ஆண்டில் வீட்டுக் குதிரில் சாமையும் இல்லை.

காடு தரும் பொருள்கள் வேறு. கடுக்காய், புளி, தேன், பலா, நெல்லி ஆகியவை இங்கே பெயர் பெற்றவை. கடுக்காய் தோல் பதனிடவும் சித்த மருந்துக்கும் பயன்படுவது. நெல்லி, தான்றியோடு சேர்ந்து திரிபலாவாகிப் பட்டணத்து மருந்துக் கடைகளில் புட்டியில் நிற்கின்றது. அதைக் காட்டில் பொறுக்கிச் சுமந்து வந்த பெண்ணுக்குக் கிடைப்பதோ அந்த விலையில் மிகச் சிறு பங்கு. காட்டில் வாழ்வோர்க்கு நிலத்திலும் சிறு விளைபொருள்களிலும் உரிமை உண்டு என 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அறிவித்தது. சட்டம் ஏட்டிலிருந்து மலையுச்சிக்கு ஏறுவதற்கு நெடுநாள் ஆகின்றது.

நிலமும் வேலையும் போதாத குடும்பங்கள் கேரளத்தின் மிளகுத் தோட்டங்களுக்கும் கருநாடகத்தின் காப்பித் தோட்டங்களுக்கும் கூலிக்குச் செல்கின்றன. பெற்றோர் செல்லும்போது பிள்ளைகளின் படிப்பும் தடைப்படுகின்றது. வேறு சிலர் தரகர்களின் ஆசை மொழிக்கு மயங்கி, ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்டப் போய் அகப்படுகின்றனர். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையான 20 பேரும் தமிழகத்துத் தொழிலாளர்கள். அவர்களுள் மலையாளிப் பழங்குடியினரும் இருந்தனர். கள்ளச் செம்மரத்தால் செல்வம் சேர்த்த முதலாளி எவரும் அன்று அங்கே வீழ்ந்து கிடக்கவில்லை.

ஒரு மலைக்கு ஓர் இழிபெயர்

இனிச் சொல்லப் போவது கசப்பான செய்தி. கல்வராயன் மலை என்றவுடன் சமவெளியில் பலருக்கு நினைவு வருவது அருவியும் அன்று, சாமையும் அன்று, சாராயம்! ஓடைக்கரைகளில் வெல்லமும் மரப்பட்டையும் கடுக்காயும் இட்டு ஊறல் போட்டுக் காய்ச்சும் தொழில் அங்கே நெடுங்காலமாக இருந்து வருவதும், காவல் துறையினர் சென்று ஊறலைக் கொட்டி அழிப்பதும் உண்மை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும்.

காய்ச்சுகிறவன் மலையில் இருக்கலாம். குடிக்கின்றவன் எங்கே இருக்கின்றான்? வெல்ல மூட்டைகள் எங்கிருந்து ஏறிச் செல்கின்றன? வாங்கி விற்று மாடி வீடு கட்டுகின்றவன் யார்? விடை நம் சமவெளியில்தான் உள்ளது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டதை யாரால் மறக்க இயலும்? மெத்தனால் மலையில் விளையும் பொருள் அன்று; ஆலைத் தொழிலுக்கென்று செய்யப்படும் வேதிப் பொருள். சிறிதளவே கண்ணைக் குருடாக்கும். சற்று மிகுந்தால் உயிரைப் போக்கும். ஒரே தெருவில் அடுத்தடுத்துப் பாடைகள் புறப்பட்ட அந்த நாள்களில், தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் இருந்தனர். அந்தக் கண்ணீருக்கு மலைமேல் பழி போட்டு நாம் கைகழுவிக் கொள்ளல் ஆகாது.

அத்துயரத்தை அடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி, குடிநீர் ஆகியவை பற்றி அரசிடம் கேள்விகள் கேட்டது. நோயுற்றவரைத் தூளியில் கட்டித் தூக்கி வரும் மலைச் சிற்றூர்கள் இருப்பதை நாடு அப்போது மீண்டும் ஒரு முறை அறிந்துகொண்டது. 60 உயிர்கள் போன பின்னரே மலையின் பாதை நம் கண்ணுக்குப் படவேண்டுமா? சாராயம் காய்ச்சாதே என்று சொல்வது எளிது. சாமைக்கும் கிழங்குக்கும் கடுக்காய்க்கும் நேர்மையான விலை கொடுத்து, பிள்ளைக்குப் பள்ளியும் நோயாளிக்குப் பாதையும் அமைத்துவிட்டுச் சொன்னால், அச்சொல்லுக்கு வலிமை உண்டு.

செல்வோர் கவனத்திற்கு

இவ்வளவும் படித்தபின் ‘மலைக்குப் போகவே வேண்டாமோ?’ என்று எவரும் எண்ண வேண்டாம். கட்டாயம் செல்லுங்கள், குடும்பத்தோடு செல்லுங்கள். செல்லும் முறையில்தான் கருத்து வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தணிந்து பனி தொடங்கும் காலம், மார்கழி, தை மாதங்கள், ஏற்றவை. அருவியில் நீர் இருக்கும். காடு பசுமையாக இருக்கும். கடுங்கோடையில் அருவிகள் மெலிந்துவிடும். மழை கொட்டும் நாளில் அருவிக்கு அருகே செல்வது அறிவுடைமை ஆகாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே பெய்த மழை நொடியில் வெள்ளமாக இறங்கும். பாறை வழுக்கும், நீச்சல் தெரிந்தவனையும் சுழல் விடாது.

உள்ளடங்கிய அருவிகளுக்கு நடந்து செல்ல விரும்பும் இளைஞர்கள் வனத்துறையின் அனுமதி பெற்று, உள்ளூர்க்காரர் ஒருவரை வழித்துணையாக அழைத்துச் செல்லுங்கள்; அவருடைய ஒரு நாள் உழைப்புக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 2018 மார்ச் மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறச் சென்ற இளையோர் 20க்கும் மேற்பட்டோர் மடிந்தது நமக்குப் பெரும் படிப்பினை. காய்ந்த காட்டில் ஒரு தீக்குச்சி போதும். சமைக்கவோ புகைக்கவோ தீ மூட்டாதீர்கள்.

சோற்றுப் பொட்டலத்தின் பாலிதீன் தாளையும் தண்ணீர்ப் புட்டியையும் திரும்பக் கொண்டுவந்து சேருங்கள். மதுப் புட்டிகளோடு அருவிக்குச் செல்லும் கூட்டத்தைப் பற்றி என்ன சொல்வது! உடைந்த கண்ணாடி, விறகு பொறுக்க வரும் பெண்ணின் வெறுங்காலைக் கிழிக்கின்றது. மலையாளியைச் சாராயக்காரன் என்று இழித்துப் பேசும் நாவே, அவனுடைய ஓடைக்கரையில் அமர்ந்து குடிக்கின்றது. இதைவிட முரண்பாடு வேறு உண்டோ?

ஊருக்குள் நுழைந்தால், கேட்காமல் எவர் முகத்தையும் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் வாழ்வு கண்காட்சி அன்று. வயதில் மூத்தவரை ‘ஐயா’ என்றும் ‘அம்மா’ என்றும் அழையுங்கள். ‘வா, போ’ என்னும் சொல் வேண்டாம். அவர்கள் கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் மறுக்காமல் கழற்றுங்கள். தேன், சாமை, புளி, பலா எனப் பருவத்தில் கிடைப்பதை அவர்களிடமே, அவர்கள் சொல்லும் விலைக்கே வாங்குங்கள். பெரிய கடையில் சொன்ன விலையைக் கொடுக்கும் நாம், தலைச்சுமைக்காரியிடம் மட்டும் பேரம் பேசுவது எந்த நீதி?

பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், திரும்பும் வழியில் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நம் ஊர் வாய்க்கால் நீர் எங்கே பிறக்கின்றது? சாமை எந்த மாதத்தில் விதைக்கப்படுகின்றது? மலையில் நீ பார்த்த உன் வயதுப் பிள்ளை எத்தனை தூரம் நடந்து பள்ளிக்குப் போகின்றான்? இவற்றுக்கு விடை சொல்லும் பிள்ளை மலையைக் கண்டுவிட்டது. அருவியில் குளித்ததை மட்டும் சொல்லும் பிள்ளை மறுமுறையும் சென்று வரட்டும்.

மலைபடுகடாத்தின் காலத்தில், வறிய கூத்தர்க்கு மலைவாழ் மக்கள் சோறிட்டனர், உறவினராக ஏற்றனர். இன்று வாகனத்தில் ஏறிச் செல்லும் நாம் வறியவர் அல்லர். அன்று பெற்ற விருந்துக்கு இன்று மறுவிருந்து செய்யும் கடமை நம்முடையது. அவர்கள் விளைவித்ததற்கு உரிய விலை, அவர்கள் பிள்ளைக்கு உரிய பள்ளி, அவர்கள் பெயருக்கு உரிய மதிப்பு ஆகிய மூன்றையும் கொடுத்துவிட்டால், மலைக்கும் சமவெளிக்கும் இடையே உள்ள மேடு பள்ளம் நில அமைப்பில் மட்டுமே நிற்கும், மனிதர்க்கிடையே நில்லாது.